மாப்பிள்ளை இல்லாத கல்யாண ஆல்பம்

மார்ச் 3

என் வீட்டுக்காரருக்கு,

வீட்டுக்காரர் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. வீடு இங்கே, வீட்டுக்காரர் அங்கே. நல்ல குடித்தனம்!

நான் திரும்பி வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினோம். பேசினோம் என்று சொல்லக் கூடாது, நான் பேசினேன். நேற்று உங்கள் பங்கை எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்பது ‘ம்’, இரண்டு ‘சரி’, கடைசியில் ஒரு ‘வெச்சிடவா?’. கல்யாணத்துக்குப் பிறகு கூட இருந்த பதினெட்டு நாளும் நன்றாகத்தானே பேசினீர்கள்? போனைக் கண்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டையா? அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனிமேல் கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் ‘ம்’ என்று மட்டும் எழுதி அனுப்ப உங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

வீடு பார்த்துவிட்டேன். மூன்றாம் மாடி, இரண்டு அறை, கீழே சலவைக் கடை. அவர்கள் இயந்திரத்தை ஓட்டினால் நம் வீட்டுத் தரை லேசாக நடுங்கும், அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பழகிவிடும். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. நேற்று இன்னொன்று வாங்கி மூன்று மாடியும் நானே தூக்கிவந்தேன். இரண்டாவது மாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்தார், உதவிக்கு வரவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். கணவனை இங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். குடியேற்ற அலுவலகத்தில் என் ஃபைலைப் பார்க்கிறவர் ஒரு அம்மா. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். தாளைப் படிக்கக் கண்ணாடி வேண்டாம், ஆளைப் பார்க்கத்தான் மாட்டிக்கொள்வார். இந்த நாட்டுக்குள் வருவதற்காகவே பொய்க்கல்யாணம் செய்கிறவர்கள் நிறைய உண்டாம், அதனால் எல்லோர் மேலும் சந்தேகம். பதிவுச் சான்றிதழ் மட்டும் போதாது, நீங்களும் நானும் சேர்ந்து இருக்கிற கல்யாணப் படங்கள் வேண்டுமாம்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரே பெருமை. மற்றவர்கள் படத்துக்கு அலைவார்கள், நான் ஏன் அலைய வேண்டும்? கட்டிக்கொண்டது போட்டோக்காரரை ஆச்சே! சீக்கிரம் பிரிண்ட் போட்டு அனுப்புங்கள்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி


மார்ச் 15

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. நீ பொய்ப்பல் செய்கிற வேலையில் இருக்கிறாய் என்று தெரிந்ததிலிருந்து ஸ்டுடியோவில் எல்லோரும் உன்னை அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கும் வாயில் ஒட்டிக்கொண்டது.

போன் விஷயத்தில் என் பக்கத்தையும் கேள். நான் பேசுவது கடைத்தெரு பூத்திலிருந்து. அதன் கதவு மூடாது. பின்னால் எப்போதும் ஆறு பேர் நிற்பார்கள். ஆறு பேரில் நான்கு பேரை நான் படம் எடுத்திருக்கிறேன். அவர்கள் காது என் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, ‘சாப்ட்டியா கண்ணு, தூங்கினியா கண்ணு’ என்றா கேட்க முடியும்? மறுநாள் தெரு முழுக்க என்னைக் ‘கண்ணு’ என்றே கூப்பிடுவார்கள். அந்த ‘ம்’ ஒவ்வொன்றிலும் எவ்வளவோ இருந்தது. நீ கொஞ்சம் அகலமாகக் கேட்டிருக்க வேண்டும்.

அம்மாவுக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. போகிற வருகிறவர்களிடமெல்லாம், “எல்லாரும் பொண்ணைப் பெத்து புகுந்த வீட்டுக்கு அனுப்புவாங்க, நான் புள்ளையைப் பெத்து அனுப்பறேன். பெட்டியில என்னென்ன வெச்சு அனுப்பணும்னு தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்கம்மா” என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். உன் அண்ணன் நேற்று வந்திருந்தார். “மாப்ள, அங்க போனதும் என் தங்கச்சிகிட்ட மரியாதையா நடந்துக்கங்க, அழுதுகிட்டு பொறந்த வீட்டுக்கு வந்து நிக்காதீங்க” என்று தன் பங்குக்கு அவரும் போட்டார். அதற்கும் சிரித்தேன். எல்லோரும் போன பிறகு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்ன யோசித்தேன் என்று கேட்காதே, பெரிதாக ஒன்றும் இல்லை.

கல்யாணப் படங்கள் தயார். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. இருட்டறையில் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்த என் கூட்டாளி தலையை வெளியே நீட்டி, “இந்த மாதிரி ஒரு கல்யாணத்தை நம்ம கடையில யாருக்கும் எடுத்ததில்ல அண்ணே” என்றான். நிஜம்தான். உன் முகத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் அப்படியே பால் மாதிரி இருக்கிறது. எதையும் ஒதுக்க மனசு வரவில்லை. முழுப் பெட்டியையும் அனுப்புகிறேன், வேண்டியதை நீயே பொறுக்கிக்கொள்.

அந்தச் சங்கிலிக் கண்ணாடி அம்மா பார்த்து அசந்துபோகட்டும்.

உன்
போட்டோக்காரன்


ஏப்ரல் 2

போட்டோக்காரருக்கு,

அந்த அம்மா அசந்துதான் போனார்.

பெட்டி நான் பொய்ப்பல் செய்கிற கூடத்து முகவரிக்கு வந்தது. மதிய இடைவேளையில் மேசை மேலிருந்த மெழுகையும் அச்சுகளையும் ஒதுக்கிவிட்டுப் பிரித்தேன். கூட வேலை செய்கிறவர்கள் ஐந்து பேர் சுற்றி நின்றார்கள். முதல் படம் நான். இரண்டாவது படம் நான். மூன்றாவது என் அண்ணன் அழுகிறார். நான்காவது அண்ணி அவருக்குக் கைக்குட்டை கொடுக்கிறாள். அப்புறம் அத்தை கொட்டாவி விடுகிறார், சாப்பாட்டு வரிசை, ஒரு குழந்தை தூங்குகிறது, மறுபடி நான். “உன் புருஷன் எது?” என்று ஒருத்தி கேட்டாள். “வருவார் இரு” என்றேன். ஐம்பது போனது, நூறு போனது. வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளை நான்கு படம் எடுத்திருக்கிறீர்கள். செருப்புக்கு நான்கு படம், மாப்பிள்ளைக்கு ஒன்றுகூடக் கிடையாதா?

இல்லை, பொய் சொல்லக் கூடாது. இரண்டு படத்தில் இருக்கிறீர்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடும் படத்தில் உங்கள் வலது கை இருக்கிறது. அப்படியென்றால் இடது கையால் கேமராவைப் பிடித்து உங்கள் கையெழுத்தை நீங்களே எடுத்திருக்கிறீர்கள். இன்னொன்றில், மண்டபச் சுவர்க் கண்ணாடியில் முழு ஆளாகத் தெரிகிறீர்கள். ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா இருக்கிறது. “இதுதான் என் புருஷன்” என்று காட்டினேன். “தலைமுடி நன்றாக இருக்கிறது” என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள், பாவம்.

நீங்கள் எடுப்பது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் பேசிவைத்த இன்னொரு போட்டோக்காரர் இருந்தாரே, அவர் நம் இருவரையும் எடுத்திருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் எங்கே போனார்?

வேறு வழியில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனேன். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“மாப்பிள்ளை எங்கே?”

“அவர்தான் எடுத்தார்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “தன் கல்யாணத்தைத் தானே படம் எடுத்த மாப்பிள்ளையை நான் பார்த்ததே இல்லை” என்றார். “நானும் இப்போதுதான் பார்க்கிறேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஃபைலில் நீளமாக என்னவோ எழுதினார். பிறகு ஒரு தாள் கொடுத்தார். ஜூன் முப்பதாம் தேதி எனக்கு நேர்காணல். அன்றைக்குள் இது நிஜமான கல்யாணம்தான் என்று நான் நம்பவைக்க வேண்டும். இல்லையென்றால் ஃபைலை மூடிவிடுவார்களாம். மூடினால் இரண்டு வருஷம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

இரண்டு வருஷம். படித்தீர்களா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டால் ஆறாது. அன்றைக்கு மேடையில் என் பக்கத்து நாற்காலி நாள் முழுக்கக் காலியாக இருந்தது. நான் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். வாழ்த்த வந்தவர்கள் அந்த நாற்காலியில் தங்கள் கைப்பையை வைத்துவிட்டு எனக்குக் கைகொடுத்தார்கள். இந்தப் பெட்டியைப் புரட்டியபோது, நான் தனியாகவே கல்யாணம் பண்ணிக்கொண்டதுபோல இருந்தது.

வீட்டுக்காரி


ஏப்ரல் 17

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

தப்பு என்னுடையதுதான். ஆனால் எப்படி நடந்தது என்று மட்டும் கேள்.

அந்த இன்னொரு ஆள் இருக்கிறானே, அவன் ஃப்ளாஷை நேராக உன் மூஞ்சியில் அடித்தான். கண்ணுக்கு எதிரே கொலை நடந்தால் சும்மா இருக்க முடியுமா? அப்படி எடுத்தால் உன் முகம் வெந்த உருளைக்கிழங்கு மாதிரிதான் வரும். “ஒரு அஞ்சு நிமிஷம் குடுப்பா” என்று அவன் கையிலிருந்த நம் ஸ்டுடியோ கேமராவை வாங்கினேன். அவன் ரோஷக்காரன், நேராகப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். என் அஞ்சு நிமிஷம் மண்டபத்தைப் பூட்டும்வரை நீண்டுவிட்டது. சமையல்காரனை அவன் கல்யாணத்திலேயே அடுப்பங்கரையில் பார்த்த கதை உண்டே, அதுதான் இதுவும்.

போகட்டும், இனிமேல் கவலைப்படாதே. உன் புருஷன் சும்மா ஆள் இல்லை. இத்துடன் பன்னிரண்டு படம் வைத்திருக்கிறேன், பார். எல்லாவற்றிலும் உன் பக்கத்தில் நிற்கிறேன்!

எப்படி என்கிறாயா? கல்யாணக் கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவில் நின்றேன், கூட்டாளி எடுத்தான். அதிலிருந்து என்னைப் பிளேடால் வெட்டி, உன் படத்தில் ஒட்டி, ஓரங்களைத் தூரிகையால் மறைத்து, மறுபடி படம் பிடித்துப் பிரிண்ட் போட்டோம். ஆறு நாள் வேலை. முடிகிற நேரத்தில் கூட்டாளிக்குக் கழுத்து திரும்பவில்லை. அம்மாவிடம் காட்டினேன். “அட, நீ எப்படா அவ பக்கத்துல நின்னே? நான் பார்க்கவே இல்லையே!” என்றாள். பெற்ற தாயே ஏமாந்தாள் என்றால் உன் சங்கிலிக் கண்ணாடி அம்மா எந்த மூலைக்கு?

தைரியமாகக் கொண்டுபோய்க் கொடு.

உன்
போட்டோக்காரன்

பின்குறிப்பு: கைப்பை விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு தடவையாவது வந்து உட்கார்ந்திருப்பேன்.


மே 3

வீட்டுக்காரருக்கு,

கொடுக்க மாட்டேன்.

பொய்ப்பல் செய்கிறவள் நான். வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை உண்டு, ஒன்றுக்கொன்று மாறினால் வாயில் வைத்ததும் தெரிந்துவிடும். அந்தப் பதினாறையும் பிரித்துப் பார்த்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. என்னிடமா இந்த வேலை? உங்கள் மூக்கின் நிழல் இடப்பக்கம் விழுகிறது, என் மூக்கின் நிழல் வலப்பக்கம் விழுகிறது. ஒரே மேடைக்கு இரண்டு சூரியனா? அதைக்கூட விடுங்கள். பன்னிரண்டு படத்திலும் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நீங்கள் சிரிக்கவே இல்லை. வியர்த்துக் கொட்டிக்கொண்டு, கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தீர்கள். அத்தை ஏமாந்தது உங்களுக்குப் பெரிய சாட்சியா? அத்தைக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது, கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்!

நமக்கு நடந்தது நிஜக் கல்யாணம். நிஜக் கல்யாணத்துக்குப் பொய்ப் படம் கொடுத்து அதைப் பொய்யாக்க எனக்கு விருப்பம் இல்லை. கையும் களவுமாகப் பிடித்தால் இரண்டு வருஷம் இல்லை, ஆயுசுக்கும் கதவைச் சாத்துவார்கள். ஆறு நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டினீர்களே, ஒரு நிமிஷம் இதை யோசித்தீர்களா?

அவற்றைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன், கிழிக்க முடியவில்லை. நீங்கள் என் பக்கத்தில் நிற்கிற படம் வேறு இல்லையே.

இப்போது ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். உங்களுக்கு இங்கே வர விருப்பம் இருக்கிறதா? நான் முட்டாள் இல்லை. போன கடிதத்துக்கு முன் கடிதத்தில் ‘சும்மா உட்கார்ந்திருந்தேன்’ என்று எழுதியிருந்தீர்கள், அதை நான் பத்துத் தடவை படித்தேன். எல்லோரும் கேலி செய்வது உறுத்துகிறதா? அந்த ஊரையும் ஸ்டுடியோவையும் விட்டு வர மனசு இல்லையா? இல்லையென்றால் சொல்லிவிடுங்கள். இங்கே வேலையை விட்டுவிட்டு நான் அங்கே வருவதா, வேண்டாமா என்று நான் யோசித்துக்கொள்கிறேன். ஆனால் வர மனசில்லாத ஆளுக்காக அந்த அம்மாவின் முன்னால் போய் நான் கெஞ்ச மாட்டேன்.

உங்கள் பதில் வரும்வரை ஃபைலில் ஒரு தாள்கூட வைக்கப்போவதில்லை.

வீட்டுக்காரி


மே 26

மூன்று ஞாயிற்றுக்கிழமை பூத்துக்கு நீங்கள் வரவில்லை. நான்காவது தடவை யாரோ எடுத்து, “போட்டோக்காரர்தானே? அந்தப் பக்கமே வர்றதில்லம்மா” என்றார். கடிதமும் இல்லை.

திட்டியது நான்தான். மறுக்கவில்லை, திரும்பவும் திட்டுவேன். ஆனால் நேர்காணலுக்கு முப்பத்தைந்து நாள் இருக்கிறது. ‘ம்’ என்றாவது எழுதுங்கள்.


ஜூன் 6

என் பல்லுக்காரிக்கு,

உன் இரண்டு கடிதமும் எதிரே இருக்கின்றன. இது நான் எழுதும் ஐந்தாவது பதில். முதல் நான்கையும் கிழித்துவிட்டேன். அம்மா குப்பையைக் கூட்டும்போது, “இப்படிக் கிழிக்கறதுக்கு வாயைத் தொறந்து பேசித் தொலைக்கலாம்ல? நல்ல மாப்பிள்ளை, நல்ல பொண்ணு. ஒண்ணு ‘ம்’னு உட்காருது, ஒண்ணு மூணு மாடிக்கு நாற்காலி தூக்குது” என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

நீ நேராகக் கேட்டாய், நானும் நேராகச் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே நான் முக்குத் திரும்பினால் மூன்று பேர் நிறுத்தி, “படம் ரெடியா?” என்று கேட்பார்கள். இந்த ஊரில் பாதிப் பேருடைய அடையாள அட்டையில் இருக்கிற மூஞ்சி நான் எடுத்தது. அங்கே என்னை யார் நிறுத்துவார்கள்? பல்லுக்காரியின் புருஷன் என்பார்கள். நீ காலையில் வேலைக்குப் போவாய், நான் உனக்குக் கதவைத் திறந்துவிட்டு, சாயங்காலம் மறுபடி திறந்துவிடுவேன். அந்த ஊர் பாஷையில் ‘கொஞ்சம் முகத்தைத் தூக்குங்க’ என்று சொல்லக்கூட எனக்குத் தெரியாது. கேலி உறுத்துகிறதா என்று கேட்டாயே, உறுத்துகிறது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், எனக்கு மட்டும் போக இடமில்லை. ஆம்பளை வீறாப்பு என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள், உண்மைதான்.

பூத்துக்கு ஏன் வரவில்லை என்றால், இதை ஆறு பேர் நடுவில் சொல்ல முடியாது. சொல்லாமல் ‘ம்’ என்று சொல்லவும் இந்தத் தடவை வாய் வரவில்லை.

மேடை விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஃப்ளாஷ்காரன் மேல் பழியைப் போட்டேன், அது பாதிதான் நிஜம். மீதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கையில் கேமரா இல்லாவிட்டால் என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியாது. நானூறு பேர் பார்க்கிறார்கள். உன் பக்கத்தில் உட்கார்ந்தால் நானும் அந்த நானூறு பேரைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், உன்னைப் பார்க்க முடியாது. திரும்பித் திரும்பிப் பார்த்தால், ‘ஐயே, மாப்பிள்ளை அலையறான் பாரு’ என்பார்கள். எதிரே நின்றால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் எதிரேயே நின்றுவிட்டேன். பக்கத்து நாற்காலியில் பை இருந்தது எனக்குத் தெரியவே இல்லை, நான் நாற்காலியைப் பார்க்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு படத்தின் நெகட்டிவையும் துண்டுதுண்டாக வெட்டிப் போட்டுவிட்டேன். கூட்டாளி, “ஆறு நாள் உழைப்பு அண்ணே!” என்று தலையில் கை வைத்துக்கொண்டான். நீ சொன்னதுதான் சரி. மூக்கு நிழலை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று இன்னும் எனக்கு ஆற்றாமைதான், அது வேறு விஷயம்.

வரட்டுமா என்று உன்னைக் கேட்கவில்லை. வருகிறேன். பயத்தோடுதான் வருகிறேன், பயம் போன பிறகு வரலாம் என்று பார்த்தால் கிழவனாகிவிடுவேன். ஸ்டுடியோவைக் கூட்டாளி பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். அம்மாவை உன் அண்ணன் தன் வீட்டு மாடிக்கே குடிவரச் சொல்லிவிட்டார். அவள் இப்போதே அங்கே எந்த அறை தனக்கு என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டாள்.

அந்த அம்மாவிடம் என்ன காட்டுவாய், என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை. என்னால் வந்த வினை இது. அவர்கள் கதவைச் சாத்தினால் உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. அந்த இரண்டு வருஷமும் இதே மாதிரி எழுதுவேன். ஆனால் சாத்தாமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

உன்
போட்டோக்காரன்


ஜூன் 30

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று ஒரு முழுப் பல்செட்டை மேல்வாய்க்குப் பதில் கீழ்வாய்க்கு அடுக்கிவிட்டேன். முதலாளி வந்து பார்த்து, “வீட்டிலிருந்து நல்ல செய்தியா?” என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். கெட்ட செய்தி என்றால் நான் வேலையைச் சரியாகச் செய்வேனாம்.

இப்போது நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே ‘ம்’ போடாமல் கேளுங்கள்.

உங்கள் கடிதங்களையே சாட்சியாகக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். நான் எழுதியவற்றுக்கு எப்போதும் நகல் வைத்துக்கொள்வேன், பின்னால் நீங்கள் ‘அப்படி எழுதவே இல்லையே’ என்று சொல்வீர்கள் என்றுதான் வைத்தேன். எல்லாவற்றையும் இந்த ஊர் பாஷையில் மாற்றிக்கொடுக்க அரசாங்க முத்திரை உள்ள ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், நம் பாஷைக்காரர்தான். ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே சின்ன அறை. படித்துக்கொண்டே போனவர் மூன்றாவது கடிதத்தில் நிமிர்ந்தார்.

“ஏம்மா, இதை நான் மொழிபெயர்க்கணுமா, இல்ல உங்க ரெண்டு பேருக்கும் பஞ்சாயத்து பண்ணணுமா?”

அடுத்த இரண்டு கடிதத்தையும் படித்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. “இதுல படத்தை வெட்டி ஒட்டின கதை இருக்கு. இதை அதிகாரி கையில குடுத்தா வம்பை விலைக்கு வாங்கற மாதிரி. இந்த ரெண்டு கடிதத்தை மட்டும் எடுத்துடு” என்றார். நியாயமான பேச்சுதான். நானும் எடுத்தேன், பையில்கூட வைத்துவிட்டேன். ஆனால் அவை இல்லாவிட்டால் நீங்கள் பயந்த கடிதத்துக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை. இரண்டு கடிதத்தை ஒளித்துவைத்தால் நானும் பிளேடு எடுத்து வெட்டியவள்தானே? திரும்பக் கொடுத்தேன். “ஒண்ணு விடாம எழுதிடுங்க சார். வர்றது வரட்டும்” என்றேன்.

இன்று காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். சின்ன அறை, ஒரு மேசை, ஜன்னலில் தண்ணீர் ஊற்றாத ஒரு செடி. அந்த அம்மா எல்லாவற்றையும் முன்பே படித்திருந்தார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

“அந்தப் பன்னிரண்டு படம் எங்கே?”

பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “நல்ல வேலைப்பாடு. இதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் அன்றைக்கே உன் ஃபைலை மூடியிருப்பேன்” என்றார். எனக்கு ‘ம்’கூட வரவில்லை. அன்றைக்குப் போனில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டையும் எடுத்து மேசை முழுக்கப் பரப்பினார். “இதில் ஒன்றைக் கவனித்தாயா? பாதிப் படத்தில் உன் வாய் திறந்திருக்கிறது.”

குனிந்து பார்த்தேன். நிஜம்தான்! நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்க்கிற எனக்கு என் வாய் கண்ணில் படவில்லை.

“யாரோடு பேசுகிறாய்?”

“இவரோடதான். எடுக்கிறவரோட.”

“இதில் என்ன சொல்கிறாய்?”

“வாங்கன்னு சொல்றேன்.”

“இதில்?”

“எல்லாரும் பார்க்கறாங்க, வந்து உட்காருங்கன்னு சொல்றேன்.”

“இதில்?”

“பசிக்குது, சாப்பிட வாங்க.”

“இதில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறாய்.”

“ஒரு தடவை சொன்னா காதுல விழாதா, வாங்கன்னு சொல்றேன்.”

அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டே போனார், நானும் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு படத்தில் மட்டும் அது என்னவென்று சொல்ல மாட்டேன் என்றேன். அதற்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார். நன்றாகச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்கள் கடைசிக் கடிதத்தின் மொழிபெயர்ப்பை எடுத்து, ‘எதிரே நின்றால் பார்த்துக்கொண்டே இருக்கலாம்’ என்ற இடத்தை மறுபடி ஒரு தடவை படித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை வராமல் எங்கே இருந்ததோ தெரியவில்லை.

“பொய்க்கல்யாணம் பண்ணுகிறவர்கள் யாரும் இவ்வளவு திட்டிக்கொள்ள மாட்டார்கள்” என்று சொல்லி முத்திரையைக் குத்தினார். இரண்டு தடவை குத்தினார், முதல் தடவை மை சரியாகப் படவில்லை. நான் பயந்தே போனேன்.

அனுமதிக் கடிதம் அங்கே இருக்கும் தூதரகத்துக்குப் போய்விடும், பத்து நாளில் உங்களைக் கூப்பிடுவார்கள்.

உங்கள் பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. நான் இங்கே வந்த புதிதில் ஆறு மாதம் யாரோடும் பேசாமல், கடைகளில் விரலை நீட்டியே சாமான் வாங்கினேன். அது ஒரு நாள் தானாகப் போய்விட்டது, என்றைக்குப் போனது என்றுகூட நினைவில்லை. வேலைக்காக முதலாளியிடம் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சிபாரிசு உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் பல்லின் நிறம் பார்ப்பதற்காக மருத்துவர்கள் எங்களுக்கு அனுப்புகிற படங்களைப் பார்த்தால் உங்களுக்கே வயிறு எரியும். எல்லாம் நேராக மூஞ்சியில் ஃப்ளாஷ் அடித்தவை, பதினாறு வெள்ளையும் ஒரே வெள்ளையாகத் தெரியும். மேற்கொண்டு நான் ஒன்றும் சொல்லவில்லை. கதவு திறந்துவிடும் வேலை மட்டும் இங்கே காலி இல்லை. இந்தக் கட்டடத்தின் கதவு தானாகவே திறந்துகொள்ளும்.

இதற்குப் பதில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

வாங்க.